கோத்தகிரி மலையில் ஓர் இரவு, துரத்தப்படும் அப்பாவும் மகளும்: திரைக்கதை எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி இதுதான்: "கோத்தகிரியை வைத்து ஒரு கிரைம் திரில்லர் எழுதுகிறேன். அப்பா பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுநர், மனைவியை இழந்தவர். மகளுக்கு எட்டு வயது. மலைப்பாதையில் நடக்கும் ஒரு கொலையை இருவரும் பார்த்துவிடுகிறார்கள். கொலைகாரர்கள் துரத்துகிறார்கள். ஒரே இரவில் கதை முடிய வேண்டும். இந்த மலையைப் பற்றி எனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? கிளைமாக்ஸைக் கோடநாடு காட்சிமுனையில் வைக்கலாமா? தயாரிப்பாளர் கொடைக்கானலுக்கு மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா?"

நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரியில். இருபது வருடமாகப் படக்குழுக்களுக்கு இடம் காட்டுவது, அனுமதி வாங்கித் தருவது, ஜெனரேட்டர் வண்டி எந்த வளைவில் திரும்பும், எதில் திரும்பாது என்று சொல்வது, இதுதான் என் தொழில். அப்பா, அம்மா, பிள்ளை ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் கதையோடு வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது பனிமூட்டமும் பள்ளத்தாக்கும்தான். நான் முதலில் கேட்பது, பிள்ளை காலில் என்ன செருப்பு போட்டிருக்கிறாள் என்று. உங்கள் கதை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அந்தப் பிள்ளையின் கால்தான் தீர்மானிக்கும். அதை மறந்துவிட்டு எழுதினால், தனியாக ஓடும் ஒரு ஹீரோவின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். துரத்தல் கதைக்கு இதுதான் எலும்பு.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அரவேணு, குஞ்சப்பனை வழியாக. இன்னொரு பக்கம் கட்டபெட்டு. அங்கிருந்து ஒரு சாலை குன்னூருக்கும் ஒன்று ஊட்டிக்கும் பிரியும். மூன்றாவது பக்கம் கோடநாடு, கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம், கரிக்கையூர். இந்த மூன்றாவது பக்கம் வண்டிக்கு முட்டுச்சந்து. தார் ரோடு எஸ்டேட்டிலோ ஊரிலோ போய் நின்றுவிடும். அதற்கப்பால் மலை விளிம்பும் காடும்தான். வெளியூர்க்காரன் பதற்றத்தில் இந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவான். உங்கள் அப்பா உள்ளூர் டிரைவர், செய்யமாட்டார். அவர் அந்தப் பக்கம் திருப்பினால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும்.

மாவட்டம் முழுக்கப் பார்த்தாலும் இரவில் திறந்திருக்கும் கதவுகள் குறைவு. கூடலூர் வழியாக மைசூர் போகும் சாலையில் பந்திப்பூர் காட்டுப்பகுதி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடல். 2009 முதல் இதுதான் நடைமுறை. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடை இறங்கும் பாதையில் 43 வளைவுகள். வனத்துறைச் சோதனைச்சாவடி இரவில் திறக்காது. ஆக நள்ளிரவில் கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்க இரண்டே வாய்: குன்னூர் பாதையில் கல்லாறு, கோத்தகிரி பாதையில் குஞ்சப்பனை. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு ஆளை நிறுத்தி, கையில் ஒரு போனைக் கொடுத்தால் போதும், கோயம்புத்தூர்ப் பக்கம் மலை பூட்டப்பட்டுவிடும். வில்லனுக்குப் பத்து கார்கள் தேவையில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர் போதும். அது எந்தக் கார் துரத்தலையும் விடப் பயமானது.

அக்டோபர், நவம்பரில் கதையை வைத்தால் இந்த இரண்டு வாயிலும் ஒன்றை மழையே மூடிவிடும். தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொட்டும்போது தொட்டபெட்டா மறைப்பதால் கோத்தகிரிக்கு அவ்வளவு வராது. எங்களுக்கு மழை வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மழையைப் பார்த்தவர்களுக்கு இன்றும் இரவில் ஓட்டு மேல் சத்தம் கூடினால் தூக்கம் வராது. ஆகவே மண்சரிவைக் கதை வசதிக்காக ஒரு நிமிடம் காட்டிவிட்டுப் போகாதீர்கள். முதலில் சாலையோரம் கலங்கல் தண்ணீர் வரும். பிறகு சின்னச் சின்னக் கல் உருளும். அப்பா வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துக் காது கொடுப்பார். எங்கள் ஊர் டிரைவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

இ-பாஸ் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் பதிவு செய்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அடுத்த வருடம் சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. டிஎன் 43 என்ற எங்கள் மாவட்டப் பதிவு வண்டிக்கு இது தேவையில்லை. அதாவது கோயம்புத்தூரிலிருந்து ஆட்களோடு ஏறும் வில்லனின் வண்டி எண் கீழேயே பதிவாகிவிடும். புத்தியுள்ள வில்லன் டிஎன் 43 வண்டியைத்தான் ஏற்பாடு செய்வான். அதற்கு அவனுக்கு ஒரு உள்ளூர் ஆள் வேண்டும்.

அந்த உள்ளூர் ஆள்தான் உங்கள் கதையின் முக்கியமான பாத்திரம் என்பது என் கருத்து. இங்கே லைன் வீடுகளிலும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக ஒருவன் வந்து "பிக்கப் ஓட்டுறவர் வீடு எது?" என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன் "நீங்க யாரு, எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்பார்கள். அதனால் காட்டிக்கொடுப்பவன் அப்பாவோடு ஒன்றாக இலை ஏற்றியவனாக, அந்தப் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தவனாகத்தான் இருக்க முடியும். கடன் இருக்கலாம், மிரட்டல் இருக்கலாம். அவனை வெறும் கெட்டவனாக எழுதாதீர்கள். பிள்ளை அவனை "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வரும் ஒரு காட்சி இருந்தால், அதற்குப் பிறகு நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவின் தொழிலை நன்றாகத் தேர்ந்திருக்கிறீர்கள். பகலில் பறித்த கொழுந்து சாயங்காலம் எடை போட்டு, சாக்கில் கட்டி, பிக்கப்பில் ஏறி, பேக்டரி போய்ச் சேர இரவு ஆகிவிடும். வீட்டில் அம்மா இல்லாத பிள்ளையை வண்டியில் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போவது இங்கே சகஜம். அவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே இருந்தாள் என்று தனியாகக் காரணம் தேட வேண்டாம். அவர்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை என்று வைத்தால் இன்னும் ஆழம் கிடைக்கும். இரண்டு தலைமுறையாக "நீங்க இந்த ஊரா?" என்ற கேள்வியைக் கேட்டுச் சலித்த ஒருவர், போலீஸ் ஸ்டேஷன் படியேற ஏன் யோசிக்கிறார் என்பது பேசாமலே புரியும்.

இனி பிள்ளை.

எட்டு வயதுப் பிள்ளை 22 முதல் 25 கிலோ வரை இருப்பாள். சமதளத்தில் தூக்கிக்கொண்டு ஓடலாம். தேயிலைச் சரிவில், ஈர மண்ணில், மேல்நோக்கி நூறு அடி வைத்தால் நெஞ்சு அடைக்கும். இங்கே உயரம் சுமார் 1,800 மீட்டர். உள்ளூர்க்காரர் பழகியிருப்பார், அதனால் மயங்கி விழமாட்டார், ஆனால் நிற்பார். தோள் மாற்றுவார். முதுகில் ஏற்றிக்கொள்வார். "அப்பா, நான் நடக்கறேன்" என்று அவள் சொல்லி இறங்குவாள், பத்து நிமிடத்தில் மறுபடி கையை நீட்டுவாள். படத்தில் இந்த ஏறி இறங்குதல் மூன்று முறையாவது வர வேண்டும்.

வண்டியில் இறங்கும்போது வாந்தி. இதை ஒரு படத்திலும் நான் பார்த்ததில்லை. வேகமாக வளைவுகளில் இறங்கும் வண்டியில் பிள்ளை வாந்தி எடுப்பாள், காது அடைத்துக்கொள்ளும், அழுவாள். அப்பா வண்டியை நிறுத்த வேண்டும், அல்லது நிறுத்தாமல் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போக வேண்டும். துரத்துகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. சாலையோரம் கிடக்கும் வாந்தியைப் பார்த்து "இந்த வழியாத்தான் போயிருக்கான், புள்ள கூட இருக்கு" என்று ஒருவன் சொல்வதை எழுதிப் பாருங்கள்.

குளிர் பற்றி என் சொந்த அனுபவம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. நவம்பர் மாதம், மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பி வரும்போது குஞ்சப்பனைக்கு மேலே மரம் விழுந்து சாலை அடைத்துவிட்டது. இருட்டும் நேரம். மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் ஏதாவது வண்டி கிடைக்கும் என்று அவளை இறக்கி நடத்தினேன். மழை. முதல் அரைமணி நேரம் அழுதாள், திட்டினாள், பசிக்கிறது என்றாள். பிறகு அமைதியானாள். பழகிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனபின் கையைப் பிடித்தால் விறைத்திருந்தது. "ஸ்கூல் பேக் எங்கே?" என்று குழறினாள், அன்று பேக்கே எடுத்துவரவில்லை. அழுகிற பிள்ளையை விட அழுகையை நிறுத்திய பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறாள் என்று அன்றைக்குத் தெரிந்தது. சாலையோர டீக்கடையில் இருந்த அக்கா, "ஏனுங்கண்ணா, புள்ளைய இப்புடியா நனைய விடுவீங்க?" என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணி மொத்தத்தையும் உருவிப் போட்டு, தன் கம்பளிக்குள் தன் உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கையைக் காலைத் தேய்க்கப் போன என்னைத் தடுத்தார். பால் இல்லாத டீயில் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து நடுங்க ஆரம்பித்தாள். நடுக்கம் திரும்பியதும்தான் எனக்கு உயிர் வந்தது.

பின்னால் ஒரு டாக்டர் விளக்கினார். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தைகளின் உடற்பரப்பு அதிகம், அதனால் சூடு சீக்கிரம் வெளியேறும். உறைபனி தேவையில்லை, பத்து டிகிரி குளிரில் நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தாலே உடல் வெப்பம் இறங்கும். நடுக்கம் நின்று, தூக்கக் கலக்கமும் குழறலும் வந்தால் நிலைமை மோசம். படங்களில் பிராந்தி ஊற்றுவார்கள். அது ரத்தக்குழாய்களை விரித்து இன்னும் சூட்டை இழக்கச் செய்யும். உங்கள் கதையில் நேரக்கெடுவாக வெடிகுண்டோ கைக்கடிகாரமோ வேண்டாம். பிள்ளையின் பேச்சு குறைந்துகொண்டே வருவதுதான் கடிகாரம்.

அவர்கள் ஒளியும் இடத்துக்கு வருகிறேன். எல்லாரும் குகை, பாழடைந்த பங்களா என்று போவார்கள். நான் சொல்வது தேயிலைக்காடும் தேயிலை பேக்டரியும்.

தேயிலைச் செடிகள் இடுப்புயரத்துக்கு மேசை போல வெட்டி விடப்பட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். பெரியவர்கள் வரிசைக்கு நடுவிலுள்ள ஒற்றையடி இடைவெளியில்தான் போக முடியும். எட்டு வயதுப் பிள்ளை கவிழ்ந்து செடிக்கு அடியில் புகுந்தால் இரண்டடி தள்ளி நிற்பவனுக்கும் தெரியாது. ஆனால் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டிய காட்டில் இலையே இருக்காது. முழங்கால் உயரத்தில் கட்டை கட்டையாக, சீவிய முனை மேல்நோக்கி நிற்கும். ஒளிய முடியாது. ஓடினால் முழங்காலையும் உள்ளங்கையையும் கிழிக்கும். பசுமையான காடும் கவ்வாத்துக் காடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நடுவில் ஒரு வண்டிப்பாதை மட்டும். துரத்தல் காட்சிக்கு இதைவிட நல்ல மேடையை யாரும் செட் போட்டுத் தர முடியாது. அந்தக் கவ்வாத்துக் காட்டைப் பிள்ளை தனியாகத் தாண்ட வேண்டும், அப்பா பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும்.

பேக்டரி: செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலை வரத்து கூடுதல், அதனால் இரவு முழுக்க ஓடும். வந்த இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு, 12 முதல் 16 மணி நேரம் வாட்டுவார்கள். பிறகு அரைத்து, புளிக்க வைத்து, டிரையரில் உலர்த்துவார்கள். டிரையருக்குச் சூடு தருவது விறகு அடுப்பு. வெளியே எலும்பைக் குத்தும் குளிரும் மழையும் இருக்கையில் உள்ளே அந்த அடுப்பருகே சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். நனைந்து விறைத்த பிள்ளைக்கு இந்த மலையில் நடு இரவில் சூடு கிடைக்கும் ஒரே பொது இடம் அதுதான். அப்பாவுக்கு அது தெரியும். துரத்துகிறவர்களோடு இருக்கும் அந்த உள்ளூர் ஆளுக்கும் தெரியும். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. எல்லோரும் கைச்சாடையில்தான் பேசுவார்கள். அடுப்பு எரிப்பவர் ஒருவர் வாசலைப் பார்த்து, பிறகு அப்பாவைப் பார்த்து, கையால் ஒரு சாடை காட்டுகிறார். இந்தக் காட்சிக்கு வசனமே வேண்டாம்.

மிருகங்கள் பற்றிச் சுருக்கமாக. கோத்தகிரி நகரைச் சுற்றி யானையைக் காட்டாதீர்கள். யானை குஞ்சப்பனை, முள்ளூர்ப் பக்கம், அதுவும் பலாப்பழ சீசனில் அதிகம். தேயிலைக்காட்டில் இரவில் எதிர்ப்படுவது காட்டெருமையும் கரடியும். கரடி கோயில் விளக்கெண்ணெய்க்கும் சத்துணவுக்கூட எண்ணெய்க்கும் கதவை உடைத்து வரும். காட்டெருமை ஒரு டன் வரை எடை. இருட்டில் பாறை என்று நினைத்து அருகே போய்விடுவீர்கள், மூச்சு விடும் சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும். இன்னொன்று, பனிமூட்டத்தையும் உறைபனியையும் ஒரே இரவில் காட்டாதீர்கள். உறைபனி டிசம்பர், ஜனவரியில், வானம் தெளிந்து காற்று நின்ற இரவில்தான் விழும்.

மலை ரயிலை வைக்க ஆசைப்படுவீர்கள். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், எல்லாம் சரி. ஆனால் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் பகுதியில் அது மணிக்கு 13 கிலோமீட்டர்தான் போகும், இரவில் ஓடாது, கோத்தகிரிக்கு வராது. விட்டுவிடுங்கள்.

போனும் சட்டமும். இங்கே ஒரு வளைவில் நான்கு கோடு சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் ஒன்றும் இருக்காது. ஆனால் 112க்கு அழைத்தால் உங்கள் சிம் நிறுவனத்துக்கு டவர் இல்லாவிட்டாலும் அங்கே கிடைக்கிற வேறு நெட்வொர்க் வழியாகப் போகும். ஆகவே "சிக்னல் இல்லை" என்பதோடு கதையை நிறுத்தாதீர்கள். பேட்டரி நனைவது, போன் வண்டியிலேயே விட்டுப்போவது போன்றவை நம்பும்படி இருக்கும்.

ஸ்டேஷனுக்குப் போனால் "இது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பும் காட்சியை எழுதினால், அது சட்டத்துக்கு முரணான செயல் என்பது பார்வையாளருக்குத் தெரியும்படி எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். குழந்தை காணாமல் போனால் கடத்தல் என்றே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "இருபத்துநாலு மணி நேரம் கழிச்சு வாங்க" என்ற வசனம் இனி எந்தத் தமிழ்ப் படத்திலும் வரவே கூடாது என்று எனக்கு ஆசை. அதை நம்பி வீட்டில் காத்திருக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஸ்டேஷன் சுவரில் அது எழுதியிருப்பதை ஒரு ஷாட்டில் காட்டினாலே போதும்.

பிள்ளையை நடு ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து விசாரிப்பதும் தவறு. சாட்சியாக விசாரிக்க 15 வயதுக்குட்பட்ட சிறுவனையோ, எந்த வயதுப் பெண்ணையோ அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதே சமயம் குழந்தையின் சாட்சி செல்லாது என்பதும் பொய். புதிய சாட்சியச் சட்டத்தின் 124ஆம் பிரிவில் குறைந்தபட்ச வயது என்று எதுவும் இல்லை. கேட்பது புரிந்து, புரியும்படி பதில் சொன்னால் போதும். யாரும் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாளா என்று நீதிமன்றம் கூர்ந்து பார்க்கும். உங்கள் கதைக்கு இது பெரிய சாவி. வில்லன் அப்பாவைத்தான் சாட்சி என்று நினைத்துத் துரத்துகிறான். ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் இருந்தவள்தான் முகத்தைப் பார்த்தாள். இது பாதிப் படத்தில் அப்பாவுக்குத் தெரியவரும்போது, அதுவரை தன்னைக் கொடுத்து மகளைக் காப்பாற்றிவிடலாம் என்று அவர் நினைத்த வழி அடைபட்டுவிடும். சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 முதல் நாடு முழுவதற்கும் உண்டு. ஆனால் அதற்கு விண்ணப்பம், போலீஸின் அச்சுறுத்தல் அறிக்கை, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு என்று படிகள் இருக்கின்றன. விடிந்த பிறகு உதவும்.

கொடைக்கானலுக்கு மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் வேறு கதை ஆகிவிடும். அங்கேயும் வழிகள் குறைவு: வத்தலக்குண்டுப் பாதை, பழனிப் பாதை, பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் பாதை. பேரிஜம் வழியாக மூணாறு போன பழைய சாலை காட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. பேரிஜம் ஏரிக்கே வனத்துறை அனுமதி வேண்டும். மேல்மலைப் பக்கம் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள். அழகு அபாரம். ஆனால் இரவெல்லாம் ஓடும் தேயிலை பேக்டரிகள் அங்கே கிடையாது, கொழுந்து வண்டி கிடையாது, லைன் வீடு கிடையாது. உங்கள் அப்பா யார் என்பதே மாறிவிடும். தயாரிப்பாளரிடம் அதைச் சொல்லுங்கள்.

படப்பிடிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு படக்குழு இங்கே மழைக்காட்சி எடுத்தது. ஏழு வயதுப் பெண்பிள்ளை. ஓடையிலிருந்து டேங்கரில் பிடித்த தண்ணீரை இரவில் மேலே அடித்தார்கள். மூன்றாவது டேக்கில் உதடு நீலமாகிவிட்டது. மானிட்டர் அருகே உட்கார்ந்திருந்த அவள் அம்மா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுவதா வேண்டாமா என்று எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். திட்டினார்கள். பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல். குழந்தை ஆபத்தில் இருக்கும் கதையை எடுக்க ஒரு குழந்தையை உண்மையிலேயே ஆபத்தில் வைப்பதை நான் இனி எந்த செட்டிலும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, நடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். நவம்பரில் எடுத்தால் உங்களுக்கே வசதி. இங்கே ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்து, ஆறரைக்கு நல்ல இருட்டு. பிள்ளையின் இரவுக் காட்சிகளைச் சீக்கிரமே முடித்து, சாப்பிட வைத்துத் தூங்க அனுப்பிவிடலாம். மழைத் தண்ணீரை டிரம்மில் காய்ச்சிக் கலந்து அடியுங்கள். உடைக்குள்ளே நீச்சல்காரர்கள் போடும் ரப்பர் உடையைப் போடுங்கள். முதுகும் காலும் மட்டும் தெரியும் ஷாட்டுகளுக்கு உயரம் குறைந்த ஒரு பெரியவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கோடநாடு காட்சிமுனை. வேண்டாம். அங்கிருந்து கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடாவும் தெரியும். தெங்குமரஹாடா எங்கள் கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் மலையை விட்டே இறங்கி, பவானிசாகர் சுற்றி, காட்டுப்பாதையில் போய், மாயாற்றைக் கடக்க வேண்டும். அந்த இடத்தைப் படத்தின் நடுவில் பயன்படுத்துங்கள். விளிம்பில் நிற்கும் அப்பாவுக்குக் கீழே, தூரத்தில் தெங்குமரஹாடாவின் விளக்குகள் நாலைந்து தெரிகின்றன, அங்கே அவருடைய அக்கா இருக்கிறாள், ஆனால் போக வழியில்லை. பாறை விளிம்பில் வில்லன் தொங்கி விழுவதை விட அது வலிக்கும்.

கிளைமாக்ஸை விடியற்காலை முதல் பஸ்ஸில் வையுங்கள். மழை விட்டிருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தலையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கிறார்கள். வில்லனின் ஆட்கள் எதிர்ப்பக்கம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா முழங்காலில் ரத்தத்தோடு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்காட்டிலிருந்து சாலைக்கு இறங்கி வருகிறார். ஒரு அம்மா, "யாரு, நம்ம பிக்கப்காரரு புள்ளையா? என்னாச்சு சாமி?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியோடு எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். பஸ் வருகிறது. அவர்கள் அந்த இருவரையும் நடுவில் விட்டுச் சுற்றி நின்றபடியே ஏறுகிறார்கள். எதிர்ப்பக்க வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்டக்டர் விசில் அடிக்கிறார். அப்பா காசுக்குப் பையைத் தடவுகிறார், ஒன்றும் இல்லை. அந்த அம்மாவே இரண்டு டிக்கெட் எடுக்கிறார். ஒரு முழு, ஒரு அரை.